மூன்று முறை போனதாக எழுதினேன்

இது நடக்கத் தொடங்கி மூன்று வருடம் இருக்கும். இடம், மாத்தளை டவுனிலிருந்து அலுவிகாரைப் பக்கம் போய், பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து மேலே ஏறும் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இதைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அப்போது நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு டவுனில் ஒரு சின்னக் கடை. காலையில் கடையைத் திறந்து கொடுப்பதும், பின்னேரம் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுப்பதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அரசாங்கம் பழைய நிவாரணத்தை நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு பதிவேடு தயாரிக்கத் தொடங்கியது. கஷ்டப்பட்ட குடும்பங்கள் விண்ணப்பம் போட வேண்டும். பிறகு ஒருவர் வீடு தேடிப் போய், எத்தனை பேர் இருக்கிறார்கள், கூரை என்ன, கழிவறை இருக்கிறதா, நோயாளிகள் உண்டா, படிக்கிற பிள்ளைகள் உண்டா என்று பார்த்து டேப் கணினியில் பதிய வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும். கொடுப்பனவு நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். இடையில் யாரும் கை வைக்க முடியாது என்று சொன்னார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீடு வீடாகப் போக ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழும் சிங்களமும் எழுதப் பேசத் தெரிந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். தற்காலிக வேலைதான். ஆனால் நன்றாகச் செய்கிறவர்களை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளும் யோசனை இருக்கிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. எனக்கு அந்தப் பேச்சு போதுமாக இருந்தது. என் பட்டியலை எல்லாருக்கும் முன்னால் முடித்துக் காட்ட வேண்டும் என்று ஓடி ஓடி வேலை செய்தேன்.

உண்மையிலேயே நன்றாகத்தான் செய்தேன், அந்த ஒரு வீடு வரைக்கும்.

தோட்டத்துக்கு மேலே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் தாண்டி, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரே அறையோடு ஒரு ஒற்றைக் காம்பரா இருந்தது. முந்தி காவல்காரர் தங்கிய இடமாம். அங்கே போக ஒரு சின்ன ஓடையைக் கடந்து, வழுக்குகிற பாதையில் இருபது நிமிடம் ஏற வேண்டும். அந்தப் பிரிவில் என் பட்டியலில் கடைசியாக இருந்தது அந்த வீடுதான். நான் போன அன்று மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. காலெல்லாம் அட்டை. குடையை ஒரு கையிலும் டேப்பை நனையாமல் சேலைத் தலைப்புக்குள் இன்னொரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"வீட்டுல யாருங்க?" என்று மூன்று நான்கு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். யாரும் வரவில்லை.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவில் பூட்டு இல்லை. சும்மாதான் சாத்தியிருந்தது. கூரைத் தகரத்துக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்பு எரிகிறது, ஆள் இருக்கிறது என்று யாருக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் மழை கூடிக்கொண்டே வந்தது, ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் இறங்க முடியாது என்று பயம். கூப்பிட்டும் வராதவர்களுக்கு நான் என்ன செய்வது என்று ஒரு எரிச்சல் வேறு. திரும்பி இறங்கிவிட்டேன்.

ஆள் இல்லாத வீட்டுக்கு வேறு வேறு நாட்களில் மூன்று முறை போக வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு முறையும் போன திகதி, நேரம், காரணம் மூன்றையும் பதிய வேண்டும். முதல் தடவையை அன்றைக்கே பதிந்தேன். காரணம் என்று வந்த இடத்தில் "வீடு பூட்டியிருந்தது" என்று போட்டேன். இரண்டு நாள் கழித்துச் சித்தி மகளுக்குச் சடங்கு. ஹோலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வரைக்கும் சும்மா இருந்த நேரத்தில், இரண்டாவது தடவை போனதாகப் பதிந்தேன். மூன்றாவதை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே போட்டேன். "குடியிருப்பவர்கள் இல்லை" என்று தெரிவு செய்ததும் அந்த வரி பச்சையாக மாறி, பட்டியல் முழுமை அடைந்துவிட்டது என்று காட்டியது.

அப்போது மனம் உறுத்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உறுத்தவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் குழுவில் முதலில் முடித்தது நான். கூட்டத்தில் அதிகாரி என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லார் முன்னாலும் பாராட்டினார். சில மாதங்களில் அந்தக் கொடுப்பனவு சம்பந்தமான முறைப்பாடுகளை ஏற்கும் மேசையில் ஒப்பந்த அடிப்படையில் என்னை உட்கார வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், மகள் கந்தோரில் வேலை செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மேசைக்குத்தான் ஒரு நாள் காலை அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மகளுக்குப் பதினேழு, பதினெட்டு. மகள் பாடசாலைச் சீருடையில் இருந்தாள். டவுனில் ஒரு பாடசாலையில் உயர்தரம் படிப்பதாகவும், அன்றைக்கு முதல் இரண்டு பாடத்துக்கு மட்டும் லீவு சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னாள். அவள் என்னிடம் பேசும்போதே ஒரு கை தாயின் பக்கம் அசைந்துகொண்டிருந்தது. விரலாலும் முகத்தாலும் நான் சொன்னதை அவள் சொல்ல, தாய் அந்த விரல்களையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் தாய்க்குக் காது கேட்காது, பேச்சும் வராது என்று எனக்கு விளங்கியது.

"பழைய நிவாரணம் முந்தி கெடச்சிச்சு மிஸ். அது நின்னு போச்சு. புதுசுக்கும் விண்ணப்பம் போட்டோம், துண்டு இருக்கு. ஆனா லிஸ்ட்டுல எங்க பேரு இல்ல" என்றாள் மகள்.

விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டு கம்ப்யூட்டரில் அடித்தேன். பக்கம் திறந்தது. மூன்று திகதிகள். வீடு பூட்டியிருந்தது. வீடு பூட்டியிருந்தது. குடியிருப்பவர்கள் இல்லை. கீழே பதிந்தவரின் இலக்கம். அது என் இலக்கம்.

அந்தப் புகையும் சாத்திய கதவும் கண் முன்னால் வந்தன. நான் அன்றைக்குக் கதவைத் தட்டியபோது இந்த அம்மா உள்ளே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தட்டிய சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"என்னன்னு போட்டிருக்கு மிஸ்?"

"மூணு தடவ வந்திருக்காங்க. வீட்டுல ஆள் இல்லன்னு போட்டிருக்கு" என்றேன். வந்திருக்காங்க என்று சொன்னேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. குழப்பமாகத் தாயைப் பார்த்து ஏதோ கையால் கேட்டாள். தாய் திரும்பத் திரும்ப இல்லை என்று தலையாட்டினார். "அம்மா எங்கயும் போறதில்ல மிஸ். மிளகு ஆயிற வேலய வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க, வீட்டுலயேதான் இருப்பாங்க. நான் ஸ்கூலுக்கு வந்திருந்த நேரமாத்தான் இருக்கும். மூணு தடவ வந்தவங்க ஒரு தடவ கதவத் தள்ளிப் பாத்திருக்கலாம்" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. ஒரு கணக்கு ஏன் வரவில்லை என்று யோசிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

மேன்முறையீடு செய்கிற காலம் முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. பெயர்ப்பட்டியலைக் கீழே டவுன் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மேலே ஒற்றைக் காம்பராவுக்கு அது உரிய நேரத்தில் தெரிய வரவில்லை. ஆனால் இன்னொரு வழி இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்த மேசைக்கே என்னைப் பழக்கியவர்கள் சொல்லித் தந்த வழி. வீட்டுக்குப் போனவர், தான் பதிந்தது பிழை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதிகாரி அந்தப் பதிவைத் திரும்பத் திறக்கலாம். ஒரு தாள் போதும். பேனா என் கையிலேயே இருந்தது.

அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம்.

"அடுத்த சுற்றுப் பதிவு சீக்கிரம் ஆரம்பிப்பாங்க. அதுல கட்டாயம் போட்டுருவோம்" என்றேன்.

"எப்ப மிஸ் ஆரம்பிக்கும்?"

"சொல்லுவாங்க. நம்பர குடுத்துட்டுப் போங்க, நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவள் நம்பரை எழுதிக் கொடுத்தாள். தாயிடம் கையால் ஏதோ சொன்னாள். அந்த அம்மா எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அன்று பின்னேரம் ஒரு தாளை எடுத்து "நான்" என்று எழுதிவிட்டு அப்படியே வைத்திருந்தேன். பிறகு மடித்து மேசை லாச்சிக்குள் போட்டேன். ஒப்பந்தம் புதுப்பித்ததும் எழுதலாம் என்று நினைத்தேன். புதுப்பித்தார்கள். அப்போது, இனி எழுதினால் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அதற்குள் புதிய சுற்று ஆரம்பித்துவிடும், யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தனியாக ஒரு தடவை வந்து, திகதி போட்டாச்சா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வராதது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

புதிய சுற்று ஆரம்பிக்க எட்டு மாதம் ஆனது.

ஆரம்பித்த அன்றைக்கே அந்தப் பிள்ளை தந்த நம்பருக்குக் கோல் எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அந்தப் பிரிவுக்கு வேறொருவரைப் போட்டிருந்தார்கள். நான் அதிகாரியிடம் கேட்டு அந்த ஒரு வீட்டை மட்டும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை ஏறினேன். வெயில் நாள். பாதை காய்ந்திருந்தது, ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கீழ் லயத்தில் இருந்த ஒரு அக்கா, நான் தனியாகப் போவதைப் பார்த்துவிட்டு, "நில்லுங்க மிஸ், நானும் வாறேன். அந்தக்காகிட்டப் பேச ஒங்களுக்குத் தெரியாது" என்று கூடவே வந்தார்.

வீட்டு வாசலுக்குப் போனதும் நின்றுவிட்டேன். கதவில் ஒரு காட்போட் மட்டையை ஆணியடித்து மாட்டியிருந்தது. மழைத் தண்ணி படாமல் மேலே பொலித்தீன் சுற்றியிருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் முத்து முத்தாக எழுதியிருந்தது. "உள்ளே ஆள் இருக்கிறார். காது கேட்காது. தயவுசெய்து கதவைத் தள்ளி உள்ளே வரவும்."

"இது எப்ப மாட்டினது?" என்று கேட்டேன்.

"மக போறதுக்கு மொத நாளு எழுதி மாட்டிட்டுப் போச்சு மிஸ். கந்தோருல இருந்து யாரோ மூணு தடவ வந்து தட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாங்களாம். தான் இல்லாத நேரம் இனிமே யாரும் அப்படிப் போயிறக் கூடாதுன்னு."

"எங்க போச்சு?"

"கார்மெண்டுக்கு. கொழும்புப் பக்கம். போடிங் ரூம்ல தங்கி நிக்குது. பாவம், நல்லாப் படிச்ச புள்ள. பரீட்சைக்கு இன்னும் நாலஞ்சு மாசந்தான் இருந்திச்சு. மிளகு வேலயும் இல்லாத காலம், கடையிலயும் கடன் குடுக்க மாட்டேன்னுட்டாங்க, அது என்ன செய்யும்? டீச்சர் கூட ஒரு தடவ மேல ஏறி வந்து பேசினாங்க. இந்த நிவாரணம் வந்திருந்தாச் சமாளிச்சிருப்பேன் டீச்சர்னு சொல்லிருச்சாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மா, அந்த அதிர்வு பட்டதும் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு மிதி.

என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு பைலைக் கொண்டுவந்தார். அடையாள அட்டை போட்டோக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், பழைய நிவாரணப் புத்தகம், விண்ணப்பத் துண்டு எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் அது என்ன என்று ஒரு சின்னத் துண்டில் மகள் எழுதி ஒட்டியிருந்தாள், தாய் யாருக்கு எதைக் காட்ட வேண்டும் என்று தடுமாறாமல் இருக்க.

நான் ஒவ்வொரு கேள்வியாகப் பதிந்தேன். கீழ் லயத்து அக்கா கையால் கேட்டுச் சொன்னார். இந்த வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி வந்தது. அந்த அம்மா முதலில் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு யோசித்துவிட்டு ஒரு விரலை மடக்கினார். பாடசாலை செல்லும் பிள்ளைகள் என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன். சரியான பதிவு அதுதான்.

முடித்ததும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். என்னைத் தொட்டுக் காட்டினேன். கதவைக் காட்டினேன். மூன்று விரலைக் காட்டி, இல்லை என்று கையை அசைத்தேன். அவருக்கு விளங்கவில்லை. மூன்று மாதம் ஆகுமா என்று கேட்கிறார் போல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"என்ன மிஸ் சொல்லணும்? சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றார் அந்த அக்கா.

"ஒண்ணுமில்ல. சரியா வந்துரும்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். அந்த அம்மா சந்தோஷமாக எழுந்து போய், காய்ந்த மிளகில் ஒரு பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன். கையை மூடி அழுத்திவிட்டார். அதை எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து இறங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை போனேன், கதவு பூட்டியிருக்கவில்லை. மற்ற இரண்டு தடவையும் போகாமலே போனதாகப் பதிந்தேன். பிறகு அவர்கள் என் மேசைக்கு வந்தபோதும் தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தேன். முழுவதையும் எழுதினேன். கொடுத்துவிட்டு, பையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன், போகச் சொல்லிவிடுவார்கள் என்று.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிங்களத்தில், "இப்ப அந்த வீட்டைப் பதிஞ்சாச்சுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ சரி. இனிமேல் கவனமாக இருங்க, தங்கச்சி. இப்படிச் செய்தது நீங்க ஒரு ஆள் மட்டும் இல்லை" என்று சொல்லி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு பைலில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. எட்டு மாதமாக நான் பயந்து கிடந்தது அந்த ஒரு நிமிடப் பேச்சுக்குத்தான். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ.

பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வங்கியில் கணக்குத் திறக்க மகளும் வர வேண்டியிருந்தது. தாய்க்குக் கேட்காது, பேச வராது என்பதால் கூட ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கீழ் லயத்து அக்கா சேதி சொல்ல, அவள் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் வந்தாள். நான் வங்கிக்கு முன்னால் காத்திருந்தேன். ஆள் மெலிந்திருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வங்கியில் வேறொரு சிக்கல் வந்தது. அடையாள அட்டையில் தாயின் பெயரில் ஒரு எழுத்து ஒரு மாதிரி, எங்கள் பதிவில் வேறு மாதிரி. சிங்களத்தில் எழுதி, திரும்பத் தமிழுக்கு வரும்போது நம் ஆட்களின் பெயர்களுக்கு எப்போதும் நடப்பதுதான். நான் ஓடிப்போய் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வந்து கொடுத்தேன். மதியத்துக்குள் முடிந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கிய அந்த அம்மா, அதைத் திறந்து தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனோம். தாய் தோட்டத்துப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். மகளுக்குக் கொழும்பு பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு கடை ஓரமாக நின்றோம். அப்போது சொன்னேன். எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அன்னிக்கி வந்து தட்டிட்டுப் போனது நான்தான். ஒரு தடவதான் வந்தேன். மூணு தடவன்னு பொய்யா எழுதினேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாங்க கந்தோருக்கு வந்தப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே சரிபண்ணியிருக்க முடியுமா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. "முடியும். நான் எழுதிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பஸ் வந்தது, அவளுடையது இல்லை. போனது. பிறகு, "அப்ப நான் பரீட்சை எழுதியிருப்பேன்" என்றாள்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வந்தது. கேட்டேன். தன்னுடைய பஸ் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தவள் நின்று, "அம்மாகிட்ட இதச் சொல்லாதீங்க மிஸ். அவங்க ஒங்கள நல்லவங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

அந்த அம்மாவுக்கு இப்போது மாதா மாதம் கொடுப்பனவு கணக்குக்கு வருகிறது. டவுனில் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். என்னால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. நான் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத விண்ணப்பம் கோரியபோது, அந்தப் பிள்ளையின் புதிய நம்பரைத் தேடி வாங்கி, கடைசித் திகதியையும், பாடப் புத்தகங்களுக்கு என்னால் உதவ முடியும் என்பதையும் செய்தியாக அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. விண்ணப்பித்தாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

மழைக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டு இறங்கியதைக்கூட என்னால் ஒருவாறு பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டபோது, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அந்தக் காலை நேரத்தை எந்தச் சுற்றுப் பதிவிலும் திருத்த வழியில்லை என்பது ஒவ்வொரு நாளும் அந்த மேசையில் போய் உட்காரும்போது எனக்கு ஞாபகம் வருகிறது.